சித்தப்பா மகனின் ஒய் குரோமோசோம் என் தாத்தாவின் ஊரைச் சொல்லுமா?

செம்பவாங் பேத்தி:

வணக்கம். பதிவு சற்று நீளம். தெரிந்ததை எல்லாம் சொன்னால்தான் உங்களால் வழி சொல்ல முடியும் என்பதால் ஒன்றையும் விடாமல் எழுதுகிறேன்.

என் அப்பாவின் அப்பா சின்னக்கண்ணு 1937-இல் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பலேறிச் சிங்கப்பூர் வந்தவர். செம்பவாங் நேவல் பேஸில் கூலி வேலையில் சேர்ந்து, 1971-இல் பிரிட்டிஷ்காரர்கள் கிளம்பும்வரை அங்கேயே இருந்தார். ஜப்பானியர் வந்த நாள்களில் கையில் இருந்த காகிதங்களை எல்லாம் பயந்துபோய் அடுப்பில் போட்டுவிட்டார்களாம். பிற்பாடு அவர் எடுத்த குடியுரிமைப் பத்திரத்தின் நகல் ஒன்றுதான் எங்களிடம் இருக்கிறது. முத்துக்கருப்பன் மகன் சின்னக்கண்ணு, பிறந்த இடம் திருச்சினாப்பள்ளி. அவ்வளவுதான்.

அப்பா 1948-இல் இங்கே பிறந்தார். 1994-இல் ஒரே ஒரு முறை தமிழ்நாடு போனார். திருச்சியில் சத்திரம் பேருந்து நிலையத்தில் அரைநாள் நின்று, வந்து போன பஸ்களின் ஊர்ப் பலகைகளை ஒவ்வொன்றாகப் படித்திருக்கிறார். எந்தப் பெயராவது தாத்தா வாயில் கேட்ட பெயராக இருக்காதா என்று பார்த்திருக்கிறார். எதிலும் ஏறாமல் விடுதிக்குத் திரும்பிவிட்டார். 2019-இல் மண்டாயில் அவரைத் தகனம் செய்துவிட்டு வந்த இரவு அம்மா இதைச் சொன்னார். அதுவரை எனக்குத் தெரியாது. அந்தப் பஸ் நிலையத்தை நினைக்காமல் ஒரு வாரம்கூட எனக்குப் போவதில்லை.

நாங்கள் இரண்டு பெண்கள். அண்ணன் தம்பி கிடையாது. ஒய் குரோமோசோம் தகப்பனிடமிருந்து மகனுக்கு மட்டுமே போகும் என்று படித்ததும் மலேசியாவில் ஸ்கூடாயில் இருக்கும் சித்தப்பா மகனைப் பிடித்தேன். லாரி ஓட்டுகிறான், ஐம்பது வயது, இதிலெல்லாம் அவனுக்கு அக்கறை இல்லை. "அக்கா கேட்கிறாய், தருகிறேன்" என்றான். சோதனைப் பெட்டியை எடுத்துக்கொண்டு உட்லண்ட்ஸ் பாலத்தைக் கடந்து போனேன். அரை மணி நேரம் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. எச்சில் குழாயில் போட்டிருக்கும் கோடுவரை வர வேண்டும், நுரை கணக்கில் சேராது. அவனுக்கு வாய் உலர்ந்துவிட்டது. சித்தி ஓர் எலுமிச்சம்பழத்தை நறுக்கி மூக்கருகே பிடித்தார். அப்போதுதான் ஊறியது. மூடியைத் திருகி மூடும்போது என் கை நடுங்கியது. தாத்தாவையே ஒரு குழாயில் அடைத்துக் கையில் வைத்திருப்பது போல இருந்தது.

எட்டு வாரம் கழித்து முடிவு வந்தது: எல்-எம்27. கூடவே ஒரு வரைபடம். பலுசிஸ்தானத்தில் கருஞ்சிவப்பு, அங்கிருந்து மேற்குக் கரையோரமாக இறங்கி வந்து தமிழ்நாட்டில் இன்னொரு சிவப்பு. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அன்றைக்கே சண்டை தொடங்கிவிட்டது. நாம் சிந்துவெளி மக்கள் என்கிறார் ஒருவர். பாரசீகத்திலிருந்து வந்தவர்கள் என்கிறார் இன்னொருவர். மதுரை அருகே எழுபதாயிரம் ஆண்டுப் பழைய மரபணு கிடைத்ததே, அது நாம்தான் என்கிறார் மூன்றாமவர். முத்துக்கருப்பன் எந்த ஊர் என்று ஒருவரும் கேட்கவில்லை.

நான் கப்பல் சரக்கு நிறுவனம் ஒன்றில் கணக்குப் பிரிவில் வேலை செய்பவள். வரவு என்று எழுதினால் அதற்குச் சீட்டு இருக்க வேண்டும். இந்த வரைபடத்துக்குச் சீட்டு எங்கே? எல்-எம்27 என்ற இந்த அடையாளத்தை வைத்துக்கொண்டு பழைய திருச்சி ஜில்லாவில் ஓர் ஊரை, ஒரு தெருவைத் தேட முடியுமா? இன்னும் பெரிய சோதனை ஏதாவது செய்ய வேண்டுமா?

இன்னொன்றும் கேட்க வேண்டும். அப்பாவுக்கு முதல் முடி இறக்க ஊருக்குப் போக முடியாததால் அப்பாயி ஒரு கொத்தை மட்டும் பூமுடியாக எடுத்து, ஜார்ஜ் மன்னர் தலை போட்ட பத்துக் காசோடு மஞ்சள் துணியில் முடிந்து டிரங்குப் பெட்டியில் வைத்தார். ஊருக்குப் போகும்போது ஆத்தாவுக்குச் செலுத்துவதாக வேண்டுதல். அந்த முடிச்சு இப்போது என்னிடம் இருக்கிறது. அந்த முடியிலிருந்து அப்பாவின் ஒய்யை நேராக எடுக்க முடியுமா? எந்த ஆத்தா என்றும் தெரியாது. "ஆத்தா மலைக்குப் போய்விடுவாள், திங்களும் வெள்ளியும்தான் வீட்டில் இருப்பாள்" என்று அப்பாயி சொல்வார். சிறு பிள்ளையில் அது யாரோ ஓர் உறவுக்காரப் பெண்மணி என்றே நினைத்திருந்தேன்.

ஆய்வுக்கூடத்துத் தம்பி:

அக்கா, நான் புவன விஸ்தா பக்கம் மரபணுத் தொகுதிகளைக் கணினியில் பகுத்துப் பார்க்கும் வேலையில் இருக்கிறேன். உங்கள் அப்பா பஸ் நிலையத்தில் நின்றதைப் படித்துவிட்டு என்னால் அடுத்த வேலைக்குப் போக முடியவில்லை. அதனால் பூசி மெழுகாமல் சொல்கிறேன்: எல்-எம்27 ஊரைச் சொல்லாது.

ஓலைச்சுவடியைப் படியெடுப்பதை நினைத்துப் பாருங்கள். ஒருவர் படியெடுக்கும்போது ஓர் எழுத்தைத் தவறவிட்டால், அந்தப் படியைப் பார்த்து எழுதிய எல்லாச் சுவடிகளிலும் அந்தப் பிழை இருக்கும். எந்தச் சுவடி எதன் வழி வந்தது என்பதைப் பதிப்பாசிரியர்கள் அப்படித்தான் கண்டுபிடிக்கிறார்கள். ஒய் குரோமோசோம் ஏறத்தாழ 6 கோடியே 20 லட்சம் எழுத்துள்ள சுவடி. தகப்பன் மகனுக்குப் படியெடுத்துக் கொடுக்கையில் எப்போதாவது ஓர் எழுத்து மாறும். எம்27 அப்படி மாறிய ஓர் எழுத்து. அது எந்தக் கிளையில் முளைத்ததோ அந்த 'எல்' என்னும் கிளைக்கே வயது இருபதாயிரம் ஆண்டுக்கு மேல். முத்துக்கருப்பன் ஐயா காலத்துக்கும் அதற்கும் எவ்வளவு தூரம் என்று பாருங்கள்.

வரைபடம் ஏன் பலுசிஸ்தானத்தில் சிவக்கிறது? எல் கிளைக்குப் பல உட்பிரிவுகள் உண்டு. எம்357 என்பது பாகிஸ்தான் பக்கம் மிகுதி; எம்27 தென்னிந்தியாவில் மிகுதி. அந்த நிறுவனம் எல்லாவற்றையும் ஒரே 'எல்' என்று சேர்த்து வண்ணம் அடித்திருக்கிறது என்றே நினைக்கிறேன். உங்கள் தம்பியிடம் இருப்பது தெற்கில் மிகுந்த உட்பிரிவு. அதற்கு முந்திய பயணத்தை வைத்து 'நாங்கள் பாரசீகர்' என்பது, காவிரி குடகில் பிறக்கிறது என்பதற்காகத் திருச்சிக்காரரைக் குடகர் என்பதைப் போன்றது.

சிந்துவெளி என்பவருக்கும் ஒரு செய்தி. சிந்துவெளி நாகரிக ஊரான ராக்கிகடியில் எடுத்து 2019-இல் வெளியிடப்பட்ட அந்தப் புகழ்பெற்ற மரபணுத் தொகுதி ஒரு பெண்ணுடையது. பெண்ணிடம் ஒய் கிடையாது. அந்த எலும்புக்கூட்டை வைத்து எந்த ஆணின் தந்தை வழியையும் ஒப்பிட முடியாது. மதுரை அருகே கண்டது எம்130 என்ற குறி. அது வேறு கிளை, எல்லுக்கும் அதற்கும் ஒட்டில்லை. ஆஸ்திரேலியப் பழங்குடியினரிடமும் எம்130 உண்டு.

நம் பகுதிக்கென்று செய்த ஆய்வு ஒன்று இருக்கிறது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பிச்சப்பனின் குழுவினர் பங்கெடுத்து 2012-இல் வெளியிட்டது. தமிழ்நாட்டில் 12 பழங்குடிகள், 19 பிற சமூகங்கள், மொத்தம் 1,680 ஆண்கள். ஆறே ஆறு பெருங்கிளைகளில் 81 விழுக்காட்டினர் அடங்கிவிட்டார்கள். எல்-எம்27 அவற்றுள் ஒன்று. ஒரு சமூகத்துக்கு ஒரு கிளை என்று எங்கும் இல்லை. மலையில் தேன் எடுப்பவரும் வயலில் உழுபவரும் அதே கிளைகளை வெவ்வேறு விகிதத்தில் பகிர்ந்துகொள்கிறார்கள். அந்த விகித வேறுபாடு உழவுத் தொழில் பரவியதோடு சேர்ந்து நாலாயிரம் முதல் ஆறாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே உண்டாகிவிட்டது என்பது அவர்களின் முடிவு. அதனால், இந்த முடிவை வைத்து 'நாம் இன்ன சாதி' என்று யாராவது குழுவில் எழுதினால் தயவுசெய்து ஏற்காதீர்கள்.

ஊர் அளவுக்கு இறங்க முடியாததற்குக் காரணம், ஒப்பிட ஆள் இல்லை. உலகம் முழுதும் பயன்படுத்தும் ஆயிரம் மரபணுத்தொகுதித் திட்டத்தில் இலங்கைத் தமிழரும் தெலுங்கரும் இருக்கிறார்கள். இருவரின் மாதிரியும் பிரிட்டனில் எடுத்தது. தமிழ்நாட்டுத் தமிழர் என்று தனித் தொகுப்பு அதில் இல்லை. நம் சிங்கப்பூரில் 2019-இல் 4,810 பேரின் தொகுதியை வெளியிட்டபோது 1,127 பேர் இந்தியர். அந்த ஒற்றைச் சொல்லுக்குள்தான் நாமெல்லாம் இருக்கிறோம். குளித்தலையா குடவாசலா என்று பிரித்துச் சொல்ல அதில் வழியில்லை.

ஆனால் ஒய் ஒன்றை மிக நன்றாகச் செய்யும். வேறு வழியில் ஓர் ஊரை நீங்கள் கண்டுபிடித்து, அங்கே 'நாங்கள் முத்துக்கருப்பன் வகையறா' என்று ஒருவர் சொன்னால், அவர் பங்காளிதானா என்று சோதித்துவிடலாம். அவரும் தம்பியும் 111 இடங்களை ஒப்பிடும் சோதனையோ, ஒய்யை விரிவாக வாசிக்கும் சோதனையோ எடுக்க வேண்டும். இருவரும் எல்-எம்27 என்று வந்தால் மட்டும் போதாது, அது லட்சக்கணக்கானவர்களிடம் இருக்கும். நம்மில் மாமன் மகளையும் அக்காள் மகளையும் கட்டும் வழக்கம் இருப்பதால் பொது மரபணுச் சோதனைகளில் தூரத்து உறவும் நெருங்கிய உறவாகத் தோன்றும். ஒய்யில் அந்தக் குழப்பம் வராது. பெண் எடுத்த வீடு எதுவானாலும் ஒய் தகப்பன் கொடுத்ததுதான்.

முடியைத் தொடாதீர்கள். வேர் இல்லாத முடியில் பெரும்பாலும் தாய்வழி மரபணுதான் நன்றாக மிஞ்சியிருக்கும். இப்போது முடியிலிருந்து முழுத் தொகுதியையே எடுக்கிறார்கள். 2023-இல் பீத்தோவனின் முடியில் எடுத்தார்கள். ஆனால் அது ஆராய்ச்சிக்கூட வேலை, முடி அழிந்துபோகும். அப்பாவின் ஒய்தான் சித்தப்பாவின் ஒய். தம்பியிடம் இருப்பதும் அதுவே.

கடைசியாக ஒன்று, நீங்கள் கேட்காதது. அப்பாவுக்கு ஒரே ஓர் எக்ஸ் குரோமோசோம்தான். அது அவருடைய அம்மா கொடுத்தது. மகனுக்கு அதைக் கொடுக்க முடியாது. மகளுக்குத்தான், அதுவும் ஏறக்குறைய அப்படியே முழுதாகப் போகும். சித்தப்பா மகனிடம் தாத்தாவின் ஒய் இருக்கிறது. உங்களிடம் அப்பாயி அப்பாவுக்குக் கொடுத்த எக்ஸ் இருக்கிறது. அது அவனிடம் கிடையாது.

கேன்பெரா ரோடு பழைய ஆள்:

மகளே, எனக்கு வயது 74. நானும் நேவல் பேஸ் பிள்ளை. புனித மரத்தடியில் முருகன் கோயில் கேன்பெரா ரோட்டில் இருந்த காலத்தில் பங்குனி உத்திரத்துக்கு அங்கே தண்ணீர் சுமந்தவன். ஈசூனுக்குக் கோயில் போன பிறகும் போய்க்கொண்டுதான் இருக்கிறேன். தம்பி எழுதியது எனக்குப் பாதிதான் புரிந்தது. ஆனால் உன் பதிவின் கடைசி வரியைப் படித்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

திங்களும் வெள்ளியும் மட்டும் வீட்டில் இருக்கும் ஆத்தா யார் என்று எங்கள் பக்கம் சிறுபிள்ளைகூடச் சொல்லும். பெரம்பலூருக்குத் தெற்கே சிறுவாச்சூரில் இருக்கும் மதுரகாளியம்மன். அவள் கோயில் நடை வாரத்தில் அந்த இரண்டு நாள்தான் வழக்கமாகத் திறக்கும். மற்ற நாள்களில் பெரியசாமி மலையில் செல்லியம்மனோடு இருக்கிறாள் என்பது கதை. மந்திரவாதி ஒருவன் செல்லியை ஆட்டிப்படைத்தான், மதுரையிலிருந்து வந்த காளி அவனை அழித்தாள், செல்லி தன் இடத்தை இவளுக்குக் கொடுத்துவிட்டு மலைக்குப் போனாள். என் தாயும் இதை உன் அப்பாயி சொன்னது போலத்தான் சொல்வார், பக்கத்து வீட்டுக்காரியைப் பற்றிச் சொல்வதைப் போல.

நீ 'அப்பாயி' என்று எழுதியிருக்கிறாய். மதுரை, சிவகங்கைப் பக்கம் 'அப்பத்தா' என்பார்கள். திருச்சி, பெரம்பலூர்ப் பக்கத்தில் அப்பாயிதான். அதுவும் பொருந்துகிறது.

பத்திரத்தில் திருச்சினாப்பள்ளி என்று இருப்பதை இன்றைய திருச்சி என்று எடுத்துக்கொள்ளாதே. அந்தக் காலத்து ஜில்லாவில் லால்குடி, முசிறி, குளித்தலை, கரூர், பெரம்பலூர், உடையார்பாளையம் எல்லாம் அடக்கம். உன் அப்பா சத்திரத்தில் நின்றதிலும் தவறில்லை. பெரம்பலூர்ப் பக்கம் போகும் பஸ்களின் பலகைகளையும் அவர் படித்திருக்கக்கூடும்.

ஆனால் அவசரப்படாதே. மதுரகாளியைக் குலதெய்வமாகக் கும்பிடும் குடிகள் பல ஊரில், பல சாதியில் இருக்கிறார்கள். இன்னொன்றையும் யோசி. அவள் அப்பாயி பிறந்த வீட்டுத் தெய்வமா, புகுந்த வீட்டுத் தெய்வமா? கல்யாணமானால் பெண்ணுக்குக் கணவன் வீட்டுத் தெய்வம்தான் குலதெய்வம், என்றாலும் பிறந்த வீட்டு ஆத்தாவை மறப்பவர்கள் உண்டா? பிள்ளையின் முதல் முடியை அவளுக்கு முடிந்து வைத்திருப்பதால் புகுந்த வீட்டுத் தெய்வம் என்றே எனக்குத் தோன்றுகிறது. முதல் முடி தகப்பன் வழித் தெய்வத்துக்குத்தான். ஒரே குலதெய்வம் என்றால் பங்காளிகள், ஒருவருக்கொருவர் பெண் கொடுக்க மாட்டார்கள். தம்பி சொல்லும் ஒய் போகும் தடமும் அதுதான் என்று புரிந்துகொள்கிறேன். எல்லாக் குடிக்கும் இந்த முறை பொருந்தாது. கொண்டையங்கோட்டை மறவரில் கிளை தாய் வழியாக வரும். அவர்கள் கிளையை வைத்து ஒய்யைத் தேடினால் வழி தவறிவிடும்.

டிரங்குப் பெட்டி இருக்கிறது என்றாயே, அதில் பாத்திரம் ஏதும் உண்டா? அந்தக் காலத்தில் செம்பு, குடம், தூக்கு எதுவாக இருந்தாலும் பெயர் வெட்டாமல் வைக்க மாட்டார்கள். கப்பலில் டெக்கில் வருகிறவன் பெயர் வெட்டாத செம்பை எடுத்து வந்தால் கரையேறும்போது அது யாருடையதோ. செயிண்ட் ஜான்ஸ் தீவில் நோய்த்தடுப்புக் காவலில் இறக்கினால் அங்கே இன்னும் கஷ்டம். கழுத்தின் உட்புறம், அடிப்பக்கம், எல்லாவற்றையும் பார். பெண்வீட்டுச் சீராக வந்த பாத்திரமானால் அதில் இருப்பது அப்பாயியின் தகப்பன் பெயராக இருக்கும், அதையும் மனத்தில் வை.

தேசிய நூலகத்தின் இணையத் தொகுப்பில் தமிழ் முரசு பழைய இதழ்கள் இருக்கின்றன. மரண அறிவிப்புகளில் சொந்த ஊரைப் போடுவது வழக்கம். உன் தாத்தாவோடு வேலை பார்த்தவர்கள், உறவு சொல்லி வீட்டுக்கு வந்துபோனவர்கள் பெயர்களை வைத்துத் தேடு. ஓர் ஊர்க்காரர்கள் ஒரே இடத்தில் வேலைக்குச் சேர்வார்கள். 1938-இல் இந்திய அரசு கூலி ஆள் அனுப்புவதை நிறுத்துவதற்கு முந்தைய வருடம் வந்தவர் உன் தாத்தா. ஊரிலிருந்து ஒரு கூட்டமாகவே கிளம்பியிருப்பார்கள்.

செம்பவாங் பேத்தி:

ஐயா, இரவு பதினொரு மணிக்கு உங்கள் பதிலைப் படித்தேன். சிறுவாச்சூர் என்ற பெயரை அம்மாவிடம் சொன்னேன். அம்மாவுக்கு எழுபத்தைந்து வயது, இந்த நாட்டிலேயே பிறந்தவர். "சிறுவாச்சி, சிறுவாச்சி என்று உன் அப்பாயி கொட்டாவி விடும்போது சொல்வார், ஏதோ சாமி பெயர் என்று நினைத்தேன்" என்றார். ஐம்பது வருடம் எங்கள் வீட்டிலேயே இருந்த பெயர் இது.

தம்பி, எக்ஸ் பற்றி நீங்கள் எழுதியதை அக்காளுக்கு அனுப்பினேன். நாங்கள் இருவரும் அதைப் பற்றி இன்னும் பேசவில்லை. பேச முடியவில்லை.

பெட்டி அக்காள் வீட்டில், தெம்பனிசில் இருக்கிறது. சனிக்கிழமை போகிறேன்.

டேங்க் ரோடு வாசகர்:

இந்த இழையைக் கவனமாகப் படித்து வருகிறேன். நாங்கள் நகரத்தார். எங்களுக்கு ஒன்பது கோயில் பிரிவு, அதற்குள் பங்காளி யார், பெண் எடுக்கலாமா கூடாதா என்பதெல்லாம் எழுத்தில் இருக்கிறது. அப்படி இருந்தும் நாங்கள் பட்டதை அம்மையார் தெரிந்துகொள்வது நல்லது.

நானும் பங்காளி முறையில் பெரியப்பாவான ஒருவரின் பேரனும் விளையாட்டாக ஒய் சோதனை செய்தோம். ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத இரண்டு கிளைகள் வந்தன. வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் எல்லோரும் ஒரே திசையில்தான் நினைத்தார்கள். ஒரு மாதம் சரியாகப் பேச்சுவார்த்தை இல்லை. பிறகு காரைக்குடியில் இருக்கும் ஆச்சி ஒருவர், எங்கள் பாட்டையாவைப் பிள்ளை கூட்டிக்கொண்டது என்று சொல்லி, சுவீகாரப் பத்திரத்தையும் எடுத்துக் கொடுத்தார். அவர் பிறந்த வீட்டு ஒய் என்னிடம். பெரியப்பா வழி வேறு. இறந்துபோன ஒரு பெண்மணியை ஒரு மாதம் மனத்துக்குள் சந்தேகப்பட்டோம் என்பது இன்றும் எனக்குத் தாங்கவில்லை.

பீத்தோவன் பற்றித் தம்பி எழுதினார். அங்கேயும் அதேதான்: அவர் முடியிலிருந்த ஒய், அதே வம்சப் பெயருள்ள இன்றைய ஆண்களின் ஒய்யோடு பொருந்தவில்லை. காகித வம்சம் ஒன்று, இரத்த வம்சம் ஒன்று. ஆகவே அம்மா, ஊரில் ஒருவரைக் கண்டுபிடித்துச் சோதனைக்குக் கேட்கும் முன், முடிவு பொருந்தாவிட்டால் அவர் வீட்டில் என்ன பேச்சு வரும் என்பதை அவரிடமே சொல்லிவிட்டுக் கேளுங்கள். இன்னொன்று, மாதிரி எங்கே போகிறது என்பதையும் சொல்லுங்கள். 2023-இல் பெரிய நிறுவனம் ஒன்றிலிருந்து ஏறத்தாழ 69 லட்சம் பேரின் தகவல்கள் திருடுபோயின. எச்சில் ஒருவருடையது என்றாலும் அதில் இருப்பது குடும்பம் முழுவதும்.

செம்பவாங் பேத்தி:

அக்காள் வீட்டிலிருந்து எழுதுகிறேன்.

பெட்டியில் பித்தளைச் செம்பு ஒன்று இருந்தது. இது அப்பாயியுடைய சீரில் சேர்ந்ததில்லை என்று அம்மா உறுதியாகச் சொல்கிறார். தாத்தா கப்பலில் கொண்டு வந்தது, அதில்தான் அவர் கடைசிவரை தண்ணீர் குடித்தார் என்கிறார். கறுத்துப் போயிருந்தது. அக்காள் புளியைக் கரைத்து ஊற்றி, நான் தேங்காய் நாரால் தேய்த்தேன். கழுத்துக்குக் கீழே ஆணியால் புள்ளி புள்ளியாகக் குத்திய எழுத்துகள் தெரிந்தன. ஒரு கையால் செம்பைச் சாய்த்துப் பிடித்து, பால்கனி வெளிச்சத்தில் விரலால் தடவித் தடவி எழுத்துக் கூட்டினோம்.

கீ. மு. சின்னக்கண்ணு.

மு முத்துக்கருப்பன். பத்திரத்தோடு பொருந்துகிறது. கணக்குக்காரி கேட்ட சீட்டு கிடைத்துவிட்டது. அதற்கு முன்னால் நிற்கும் கீ ஊராகத்தான் இருக்க வேண்டும் என்று அக்காள் கணவர் சொல்கிறார். அவர் தகப்பனார் பெயரிலும் ஊரின் முதலெழுத்து முன்னால் வருமாம். உடனே வரைபடத்தை விரித்தோம். பழைய ஜில்லா எல்லைக்குள் இதுவரை கீழப்புலியூர், கீழப்பழுவூர், கீழரசூர் என்று மூன்று கண்ணில் பட்டிருக்கின்றன. இன்னும் எத்தனை இருக்கும் என்று தெரியவில்லை. கேன்பெரா ரோடு ஐயா, இந்த மூன்றில் எந்த ஊர்க்காரர்கள் சிறுவாச்சூருக்கு முடி இறக்க வருவார்கள் என்று உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள். தனிமடலில் என் எண்ணை அனுப்பியிருக்கிறேன்.

டேங்க் ரோடு ஐயா, நீங்கள் சொன்னதைச் சித்தப்பா மகனிடம் போன் செய்து அப்படியே சொன்னேன். யோசித்துவிட்டு, "ஊரில் யாராவது கிடைத்தால் முதலில் சோறு சாப்பிடுவோம், எச்சில் எல்லாம் பிறகு கேட்போம்" என்றான். அவனும் வருகிறான். லாரிக்கு இரண்டு வாரம் விடுப்பு சொல்லிவிட்டான்.

சென்னைக்கு வேண்டாம், திருச்சிக்கு நேராகப் போகும் விமானத்திலேயே டிக்கெட் எடுக்கப் போகிறோம். வியாழக்கிழமை இரவு இறங்கினால் வெள்ளிக்கிழமை காலை சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து பெரம்பலூர் பஸ் பிடித்துவிடலாம். வாடகைக் கார் வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். மஞ்சள் துணி முடிச்சை யாரும் அவிழ்க்கவில்லை. பத்துக் காசு உள்ளே இருப்பது கைக்குத் தட்டுப்படுகிறது.

மாவிளக்குக்குப் பச்சரிசியை இங்கிருந்தே இடித்துக் கொண்டுபோகலாமா, அங்கே போய்த்தான் இடிக்க வேண்டுமா? அம்மா கேட்கச் சொன்னார்.